கனவும் திரையும்: 'பார்த்திபன் கனவு' – போர்க்காலப் புதினமும் அதன் திரைவடிவமும்

ஒரு புதினத்தைப் படித்து மகிழ்ந்தவர் அதன் திரைப்படத்தைக் கண்டு திரும்பியதும் சொல்லும் முதற்சொல் பெரும்பாலும் "கதையைப் போல் இல்லை" என்பதே. நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களிலும் இச்சொல் பலமுறை ஒலித்ததுண்டு. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாக வெளிவந்தபோது இவ்விவாதம் மீண்டும் சூடு பிடித்தது. எந்தக் காட்சி விடுபட்டது, எந்தப் பாத்திரம் சிதைந்தது என்று பட்டியலிடுவது எளிது. அந்த ஏமாற்றத்தின் வேர் எங்கே உள்ளது என்று ஆராய்வதே பயனுடையது. அவ்வாராய்ச்சிக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வாசகரை ஏமாற்றிய வேறொரு கல்கிப் படம் நல்ல சான்றாக அமைகிறது. அதுவே 1960-இல் வெளிவந்த 'பார்த்திபன் கனவு'.

கதை பிறந்த காலம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1941-இல் 'ஆனந்த விகட'னை விட்டு நீங்கினார். தனிநபர் சத்தியாகிரகக் காலத்தில் சிறை சென்று மீண்டு, அவ்வாண்டிலேயே சதாசிவத்துடன் இணைந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். இவ்விதழில் அவர் எழுதிய முதல் வரலாற்றுத் தொடர்கதை 'பார்த்திபன் கனவு'. 1941-இல் தொடங்கி 1943-இல் நிறைவுற்றது. 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் இதற்குப் பின்னர் வந்தவையே.

கதை நிகழ்வது ஏழாம் நூற்றாண்டில். பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மனுக்குக் கப்பம் கட்ட மறுக்கிறான் உறையூர்ச் சோழன் பார்த்திபன். தோல்வி உறுதி என்று அறிந்தே வெண்ணாற்றங்கரைப் போர்க்களம் புகுகிறான். புறப்படுமுன் சிறுவனான மகன் விக்கிரமனை அழைத்துச் சென்று, தான் மறைவாகத் தீட்டி வைத்திருந்த ஓவியங்களைக் காட்டுகிறான். கடல் கடந்து செல்லும் மரக்கலங்களில் புலிக்கொடி பறப்பதும், சோழப் படை தொலைநாடுகளை வெல்வதுமே அவ்வோவியங்களின் பொருள். அதுவே பார்த்திபனின் கனவு. களத்தில் உயிர் பிரியும் வேளையில் அங்கு வந்த சிவனடியார் ஒருவரிடம், தன் மகனை அக்கனவுக்கு உரியவனாக வளர்க்க வேண்டும் என்று வாக்குறுதி பெற்றுக் கண்மூடுகிறான்.

வரலாற்றில் நரசிம்மவர்மனுக்கும் வாதாபி வெற்றிக்கும் சான்றுண்டு. பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் படைப்புகள். சோழர் அடங்கிக் கிடந்த, கல்வெட்டுகள் அதிகம் பேசாத ஒரு காலத்தை அவர் தேர்ந்துகொண்டார். அடிமை நாட்டில் வாழும் ஒருவன் எதைக் கனவு காண வேண்டும் என்பதே அவர் எழுப்பிய வினா. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த, அச்சிட்ட ஒவ்வொரு சொல்லையும் அரசு கண்காணித்த ஆண்டுகளில், அவ்வினாவை நேரடியாகக் கேட்டுவிட இயலாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று கேட்டால் எவரும் தடுக்க முடியாது.

துறைமுகத்தில் ஒரு வாசகி

எங்கள் ஆயா 1942-இல் பதினேழு வயதுப் பெண். இராயபுரத்தில் வாழ்ந்தார். அவருடைய தந்தை துறைமுகத்தில் எழுத்தர். இதழ் வீட்டுக்கு வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்துப் பின்னர் பைண்டு செய்வது அக்காலக் குடும்பங்களின் வழக்கம். எங்கள் வீட்டிலும் அத்தகைய ஒரு தொகுப்பு இருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவியது. இன்றியமையாப் பணியில் இல்லாதோர் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1914 செப்டம்பர் 22 இரவில் 'எம்டன்' கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைத் தீப்பற்ற வைத்ததைக் கண்டிருந்த முதியோர் வடசென்னையில் அப்போதும் பலர் இருந்தனர். ஆகவே இப்பகுதி மக்களுக்குக் கடல்வழி வரும் போர் வெறும் செய்தியாக இல்லை. தெருக்கள் வெறிச்சோடின. ஆயாவும் அவர் தாயும் வாலாஜாவை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றனர். தந்தை துறைமுகத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. எடுத்துச் சென்ற தகரப்பெட்டியில் துணிகளுக்கு அடியில் அக்கதைப் பக்கங்களும் இருந்தன என்று ஆயா சொல்வார்.

அக்கதையை அவர் எந்த மனநிலையில் படித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். போர் யாருடையதோ, அதன் துன்பம் தம்முடையது. கடலிலே போகும் கப்பல்களில் தம் நாட்டுக் கொடி இல்லை. ஆகஸ்டில் காங்கிரசுத் தலைவர்கள் சிறைப்பட்டனர். இந்நிலையில், கப்பம் கட்டுவதை விடக் களத்தில் மடிவது மேல் என்று கருதிய ஒருவனின் கனவு இதழுக்கு இதழ் வந்துகொண்டிருந்தது. விக்கிரமன் புலிக்கொடியை உயர்த்த முயன்று பிடிபடுகிறான், விலங்கிடப்பட்டுச் செல்கிறான், தீவாந்தர தண்டனை பெறுகிறான். அந்தமான் சிறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த வாசகர்க்கு இதற்கு உரை தேவைப்படவில்லை. விலங்கோடு செல்லும் விக்கிரமனைப் பகைவனின் மகள் குந்தவி காண்பதும், பின்னர் நோயுற்றுக் கிடந்தவனைக் காப்பதும், இருவர் உள்ளமும் ஒன்றுவதும் அப்பெருங்கதையின் உள்ளோட்டங்கள். காதல் அங்கே உண்டு. ஆயின் அக்காதலுக்குக் குறுக்கே நிற்பது ஒரு நாட்டின் அடிமைத்தனம். அதனால்தான் அக்காதல் வாசகரின் நெஞ்சைத் தொட்டது.

சிவனடியார் என்னும் முடிச்சு

இப்புதினத்தின் உயிர்நிலை சிவனடியார் பாத்திரம். பார்த்திபனுக்கு வாக்குறுதி அளித்து, விக்கிரமனை வளர்த்து, அவன் விடுதலை வேட்கையைத் தூண்டிவிட்டவர் வேறு யாருமல்லர். அவன் நாட்டை வென்ற நரசிம்மவர்மனே. கல்கி இதை நெடுந்தூரம் மறைத்துக் குறிப்பால் உணர்த்திச் செல்கிறார். இதனை வெறும் மர்மச் சுவை என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. வென்றவனே தோற்றவனின் கனவை ஏற்றுக் காப்பதும், ஆள்பவன் உள்ளம் மாறி விடுதலை அளிப்பதும் காந்தியடிகளின் அறப்போர் நெறியின் மையக் கருத்து. அந்நெறியில் சிறை சென்று மீண்ட எழுத்தாளர், ஆள்வோரின் மனமாற்றத்தை ஒரு காவி உடைக்குள் வைத்துக் காட்டினார். ஆகவே சிவனடியாரின் வேடம் கதையின் அரசியலே ஆகும்.

போர்க்கோலம் திருநீற்றுக் கோலமாக மாறுவது தமிழக வரலாற்றுக்குப் புதிதன்று. பல்லவர் படைத்தலைவராக வாதாபி சென்ற பரஞ்சோதியே சிறுத்தொண்டராக மாறினார் என்பது பெரியபுராணம் காட்டும் செய்தி. நம் திருவொற்றியூர்க் கோயிலிலேயே இன்னும் உருக்கமான சான்று ஒன்று உண்டு. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதரைப் பற்றிக் கூறுகிறது. அவர் கேரள நாட்டில் பிறந்தவர். சோழ இளவரசன் இராசாதித்தனின் உற்ற துணைவர். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டபோது உடன்மடிய இயலாமற்போன துயரத்தால் உலகைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூர் வந்து மடத்தலைவரானார். போரில் தோற்ற ஒருவர் துறவாடை பூண்ட வரலாறு இது. கல்கியின் கதையிலோ போரில் வென்றவன் அவ்வாடை பூணுகிறான். தோற்றவனின் துயரத்தை வென்றவனும் சுமக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

திரையில் நிகழ்ந்தது

து. யோகானந்த் இயக்கத்தில், வேதாவின் இசையில், 1960-இல் படம் வெளிவந்தது. ஜெமினி கணேசன் விக்கிரமனாகவும், வைஜயந்திமாலா குந்தவியாகவும், எஸ். வி. ரங்காராவ் நரசிம்மவர்மனாகவும் நடித்தனர். தமிழின் சிறந்த படமென்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. எனவே உழைப்பில் குறைந்த படம் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. ரங்காராவின் பேருருவும் குரலும் ஒரு பேரரசனுக்கு உரியவையே.

அங்கேதான் இடர்ப்பாடும் தொடங்கிற்று. எழுத்தில் சிவனடியார் என்பது ஒரு பெயர்; அதற்கு முகம் தருபவர் வாசகர். திரையில் அப்பெயருக்கு முன்னரே ஒரு முகம் வந்துவிடுகிறது. தமிழகம் முழுவதும் அறிந்த ரங்காராவின் முகத்தைச் சடைமுடியும் தாடியும் மறைத்துவிடுவதில்லை. மாறுவேடம் அணிந்தவர் யார் என்று விக்கிரமனுக்கு இறுதியில்தான் தெரியவருகிறது. கொட்டகையில் அமர்ந்தவர்க்கோ தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எழுத்தில் மனமாற்றமாக இருந்தது, திரையில் ஒப்பனை மாற்றமாகிவிட்டது.

இரண்டாவது, கால அளவு. ஓராண்டுக்கு மேலாக இதழ்தோறும் வளர்ந்த கதை மூன்று மணி நேரத்துக்குள் அடங்கவேண்டியதாயிற்று. இடைவெளியில் காத்திருக்கும்போதுதான் வாசகர் கனவு காண்கிறார். அக்காத்திருப்பைத் திரைப்படம் தர இயலாது. அதற்கு ஈடாக அது தரக்கூடியவை நடனமும் பாடலும் அரண்மனைக் காட்சியும். அப்படத்தின் காதற்பாடல்கள் இன்றளவும் கேட்கப்படுகின்றன; பார்த்திபனின் ஓவிய மண்டபத்தை நினைவுகூர்வோர் அரியர்.

மூன்றாவது காரணம் எவருடைய பிழையும் அன்று. 1960-இல் நாடு விடுதலை பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. 1942-இல் வெறிச்சோடிக் கிடந்த இதே கடற்கரையில் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுந்துவிட்டன. சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்று திரும்பும் மக்கள் மாலையில் கொட்டகைக்கு வந்தனர். அவர்கட்கு வேறு கனவுகள் இருந்தன: கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் படிப்பு. கப்பம் கட்ட மறுக்கும் சோழன் அவர்கட்கு ஒரு பழங்கால மன்னன், அவ்வளவே. கதையின் ஒரு பாதியை எழுதியது கல்கி. மறுபாதியை எழுதியது அடிமைப்பட்டிருந்த வாசகரின் நெஞ்சம். அப்பாதியைப் படமாக்க எந்த இயக்குநராலும் இயலாது.

படம் பார்த்துத் திரும்பிய எங்கள் ஆயா சொன்னதைத் தாயார் அடிக்கடி நினைவுகூர்வார்: "பார்த்திபன் வந்தாரு. கனவுதான் வரல."

ஒப்பீடு

இதன் மறுதலையையும் நோக்க வேண்டும். 1939-இல் கல்கியின் 'தியாக பூமி' விகடனில் தொடராக வந்தபோதே, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாகவும் உருவாயிற்று. தொடர்கதைக்குச் சித்திரங்களாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. அப்படம் மக்களிடம் பெருவரவேற்புப் பெற்றது. பிரித்தானிய அரசு அதைத் தடை செய்தது. எழுத்தும் திரையும் ஒரே காலத்தின் மூச்சை உள்வாங்கியதால் அங்கே ஏமாற்றம் எழவில்லை. 'பார்த்திபன் கனவு'க்கு அவ்வாய்ப்பு இல்லை. 1954-இல் மறைந்த கல்கி அதன் திரைவடிவத்தைக் காணவும் இல்லை. அகிலனின் 'கயல்விழி' 1978-இல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' எனத் திரைக்கு வந்தபோதும், பாண்டிய நாட்டின் போரும் காதலும் கலந்த கதை அதில் நாயகராக நடித்த எம்.ஜி.ஆரின் உருவத்துக்குள் அடங்கிவிட்டது. அது அவர் நடித்து வெளிவந்த இறுதிப் படமாகவும் நினைக்கப்படுகிறதேயன்றி, அகிலனின் நூலாக நினைக்கப்படுவது குறைவு.

நிறைவாக

கல்கி தம் புதினத்தை முடித்த விதம் நமக்கு ஒரு பாடம். விக்கிரமன் விடுதலை பெறுகிறான், குந்தவியை மணக்கிறான். ஆயினும் தந்தையின் கனவு அவன் காலத்தில் நிறைவேறுவதில்லை. அதை அவன் தன் வழித்தோன்றல்களிடம் ஒப்படைத்துச் செல்கிறான். முந்நூறு ஆண்டுகட்குப் பின்னரே இராசராசன், இராசேந்திரன் காலத்தில் அது மெய்யாகிறது. அந்த இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட விமானம் திருவொற்றியூரில் இன்றும் நிற்கிறது. அவனுடைய கடற்படை கடாரம் சென்ற ஆண்டு 1025 என்பர்.

கனவு ஒரு தலைமுறையில் முடிந்துவிடுவதன்று. கைமாறிக்கொண்டே செல்வது என்பது கல்கி சொன்ன செய்தி. திரைப்படம் ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. ஏமாற்றத்தின் வேர் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது. ஆகவே படங்களைக் குறைகூறுவதோடு நம் பணி முடிந்துவிடாது. படம் பார்த்து வரும் மாணவர் கையில் நூலைக் கொடுப்பதும், அது எழுதப்பட்ட காலத்தை அவர்க்குச் சொல்வதுமே நம் கடமை. நம் வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவரும் பணியும் அதுவே.

ஆயாவின் பைண்டுத் தொகுப்பு இன்று என்னிடம் உள்ளது. சில பக்கங்கள் செல்லரித்துவிட்டன. ஓரங்களில் துறைமுகக் காற்றின் உப்புக்கறை படிந்திருக்கிறது. ஓவிய மண்டபக் காட்சி மட்டும் முழுமையாக இருக்கிறது. அதை என் மாணவியர்க்கு ஆண்டுதோறும் படித்துக் காட்டி வருகிறேன்.