டிவியில் வந்த நம்ம ஊரை ஹெச்டி-யில் சேமிக்க முடியுமா? வீட்டுக் கம்ப்யூட்டர் ரெக்கார்டிங் - முழு விளக்கம்

கிழக்கு கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலி அடிக்கடி டிவி செய்தியில் வரும் ஊர். 2013-ல் தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் என இரண்டு திறப்பு விழாக்கள் இங்கே நடந்தன. பக்கத்தில் மாமல்லபுரத்தில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததும் மாமல்லபுரம் அருகேதான்.

"நம்ம ஊர் டிவியில வருது, ரெக்கார்டு பண்ணி வைக்கணும்" என்று நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எதை ரெக்கார்டு செய்யலாம் என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டரின் வேகம் அல்ல. சிக்னல் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதுதான்.

பென் டிரைவில் போட்டது கம்ப்யூட்டரில் ஏன் ஓடாது?

கட்டண டிடிஹெச் பெட்டிகள் பலவற்றில் யுஎஸ்பி ரெக்கார்டிங் வசதி இருக்கிறது. ஆனால் அந்த ஃபைல் பூட்டுப் போட்டுத்தான் சேமிக்கப்படும். சாவி அதே செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும். அதனால் கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் உள்ள அதே நிறுவனப் பெட்டியில் போட்டாலும் பொதுவாக ஓடாது. பெட்டி பழுதாகி மாற்றினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த ரெக்கார்டிங்கும் போய்விடும். காலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய காட்சிக்கு இந்த வழி நம்பகமானது அல்ல.

ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வேலை செய்யுமா?

செட்டாப் பாக்ஸின் ஹெச்டிஎம்ஐ ஒயரை கேப்சர் கார்டு வழியாக கம்ப்யூட்டரில் இணைத்து, ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்வது பலருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். ஹெச்டிஎம்ஐ-யில் ஹெச்டிசிபி என்ற காப்புப் பூட்டு இருப்பதே காரணம். எதிரில் இருப்பது டிவி அல்ல, பதிவுக் கருவி என்று தெரிந்தால் பெட்டி படத்தை அனுப்பாது.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் போடும் ஏவி துளை உள்ள பெட்டிகளில் அந்த வழியாகப் பதிவு செய்யலாம். ஆனால் படம் பழைய டிவி தரத்தில்தான் இருக்கும். ஹெச்டி கிடைக்காது.

அப்படியானால் ஹெச்டி-க்கு என்ன வழி?

மறையாக்கம் இல்லாமல் வரும் சேனல்களை ட்யூனர் மூலம் நேரடியாக எடுப்பதுதான். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. அது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நெம்மேலி மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசையில், தரையில் இருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் தென்னையோ சவுக்கோ மறைக்காமல் இருந்தால் போதும்.

டிஷ்ஷில் இருந்து வரும் ஒயரை, டிவிபி-எஸ்2 ஆதரவுள்ள ட்யூனர் கார்டு அல்லது யுஎஸ்பி ட்யூனரில் செருக வேண்டும். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் போன்ற இலவச மென்பொருளிலும், விண்டோஸில் ட்யூனருடன் வரும் மென்பொருளிலும் நேரம் குறித்து வைத்தால் தானாகவே பதிவாகும்.

இதில் ஒரு பெரிய வசதி: வானில் இருந்து வரும் டேட்டா அப்படியே டிஸ்க்கில் எழுதப்படுகிறது. கம்ப்யூட்டர் படத்தை மீண்டும் சுருக்க வேண்டியதில்லை. எனவே பழைய கம்ப்யூட்டரே போதும், தரமும் குறையாது.

குறையும் உண்டு. ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் வரும். ஆனால் தனியார் தமிழ் சேனல்கள் மிகக் குறைவு. பெரும்பாலான சேனல்கள் எஸ்டி தரம்தான். ஹெச்டி-யில் வரும் நிகழ்ச்சியை மட்டுமே ஹெச்டி-யில் சேமிக்க முடியும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் ஹெச்டி சேனல் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு சுமார் 11 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் சுமார் 270 மணி நேரம் பிடிக்கும்.

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை எழுத முடியாது. நிகழ்ச்சி பாதியில் நின்றுபோவதற்கு இது முக்கியக் காரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்வது நல்லது.

புயல், மழை, உப்புக் காற்று

கடலோர ஊர்களுக்கு இது தனிப் பிரச்சினை. டிடிஹெச் பயன்படுத்தும் கேயு அலைவரிசை கனமழையில் பலவீனமாகும். படம் கட்டம் கட்டமாக உடையும். அப்படி உடைந்த பகுதி ரெக்கார்டிங்கிலும் அப்படியேதான் இருக்கும். பின்னால் சரி செய்ய முடியாது. உப்புக் காற்றில் எல்என்பி-யும் ஒயர் முனைகளும் துருப்பிடிப்பதால், மழைக்காலத்துக்கு முன் அவற்றைப் பார்த்து மாற்றுவது அவசியம்.

கரண்ட் போனால்? ட்யூனர் எழுதும் டிஎஸ் ஃபைல், அதுவரை பதிவான அளவுக்கு ஓடும். ஓபிஎஸ்ஸில் எம்பி4 ஃபைலாகப் பதிவு செய்தால் மொத்தமும் வீணாகும் ஆபத்து உண்டு. எம்கேவி ஃபைலாக எடுத்து, பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். யுபிஎஸ் இருந்தால் நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய காப்புரிமைச் சட்டம் 1957-ன் 39-வது பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்வதை ஒளிபரப்பு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தப் பதிவை யூடியூபிலோ டெலிகிராமிலோ ஏற்றுவதும் விற்பதும் வேறு விஷயம். அதற்கு இந்த விலக்கு கிடையாது.

2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். 'பூட்டை உடைக்கும் பெட்டி' என்று விற்கப்படும் கருவிகளை வாங்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று: முக்கிய நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே பத்து நிமிடம் ரெக்கார்டு செய்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே படமும் சத்தமும் சரியாக வந்தால்தான் அது கையில் இருக்கும் பதிவு. பிறகு இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் எடுத்து வைப்பது பாதுகாப்பு.