கோபித்துக்கொண்டு பின்தங்கியவர்

நண்பர்களோடு ஒட்டகத்தில் பாலைவனம் கடப்பது ஜாலியான சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? 1352-ல் சஹாராவைக் கடந்த இபின் பதூதாவின் அனுபவத்தைக் கேளுங்கள்.

மொராக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து வணிகர் கூட்டத்தோடு கிளம்பினார். 25 நாளில் தகாஸா. உப்புச் சுரங்க ஊர். வீட்டுச் சுவர் உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல். அதைத் தாண்டினால் 10 நாள் பாதையில் தண்ணீரே அபூர்வம். அந்த வருஷம் மழை புண்ணியத்தில் அங்கங்கே குட்டைகள் இருந்தன. தைரியமாகக் கூட்டத்தை விட்டு முன்னால் போய் ஒட்டகங்களை மேய விட்டார்கள்.

இபின் ஜீரி என்பவருக்கும் அவருடைய மாமன் மகனுக்கும் வாய்த்தகராறு. கோபித்துக்கொண்டு பின்தங்கினார் ஜீரி. முகாம் போட்டபோது ஆளைக் காணோம்! கூலிக்கு ஆள் வைத்தாவது தேடச் சொல்லி மாமன் மகனிடம் மன்றாடினார் பதூதா. ம்ஹூம். மறுநாள் மசூஃபா இனத்தவர் ஒருவர், காசு வாங்காமல், தானாகத் தேடிப் போனார். தடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் பாதையில், கொஞ்ச தூரம் பாதை விலகி. அவ்வளவுதான். ஆள் கிடைக்கவே இல்லை.

அதன்பிறகு பதூதா கூட்டத்தை விட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் தங்கவில்லை.

ஊரில் என்றால் நாலு நாள் முகம் திருப்பிக்கொண்டு, ஐந்தாம் நாள் பேசிக்கொள்ளலாம். பாலைவனம் அந்த நாலு நாளைத் தருவதில்லை.