ஒரு லயத்தையாவது விட்டுவையுங்கள்

கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தொழித்து, இலங்கைத் தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்திருந்த காலம். கிளாஸ்கோவின் மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் இங்கு வந்து, ஊவாவின் ஹப்புத்தளைப் பக்கத்தில் சில தோட்டங்களை வாங்கினார். அவற்றில் தம்பேதன்னையும் ஒன்று. அங்கே அவர் எழுப்பிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இன்றும் இயங்குகிறது. பார்க்க வருகிறவர்களுக்குக் கொழுந்து வாட்டும் மாடியையும், உருட்டும் இயந்திரத்தையும், புளிக்கவைக்கும் இடத்தையும், சலித்துத் தரம்பிரிக்கும் அறையையும் வரிசையாகக் காட்டுகிறார்கள். அதற்கும் மேலே, அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த, லிப்டன் சீட் எனப்படும் மலைமுனையில் அவருக்குச் சிலையும் உண்டு.

ஹப்புத்தளையிலேயே சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிமுடித்த அடிஷம் பங்களா, இப்போது பெனடிக்ட் துறவிகளின் மடமாக, துரையின் நூலக அறையோடு பேணப்படுகிறது. தோட்ட விளைச்சலைக் கொழும்புக்கு இறக்குவதற்காக மலையேறிய ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதே பாதையில் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று உலகமே படம் பிடிக்கிறது.

இவை பாதுகாக்கப்பட வேண்டியவைதாம். ஆனால் நான் நமுனுகுல மலையடிவாரத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான ஒரு லயத்தில் பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவள். எங்கள் வரலாற்றில் துரையின் பாதி பத்திரமாக இருக்கிறது, தொழிலாளியின் பாதி நம் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கிறது.

தோட்டம் என்பது கம்பனி கட்டிய ஓர் ஊர். மேட்டில் பெரியதுரை பங்களா, அதற்குக் கீழே சின்னத்துரை, பிறகு கிளாக்கரையா வீடு, ஸ்டோர், டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா, கோயில், எல்லாவற்றுக்கும் அடியில் லயம். யார் எந்த உயரத்தில் குடியிருப்பது என்பதையும் கம்பனியே தீர்மானித்தது. 1921இல் சட்டம் ஒழிக்கும்வரை துண்டு முறை இருந்தது. பட்ட கடனைத் தீர்த்தால்தான் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கடன் பெரும்பாலும் ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடன். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது, அந்த லயக் காம்பராவைத் தவிர எங்களவர்களுக்குச் சொந்தமென்று சொல்ல எதுவுமில்லை. அதுவும் கம்பனியுடையது.

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. பிள்ளைகள் கல்யாணம் முடித்தால் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தடுத்துக்கொள்வார்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் தலைமுறைக் கணக்கில் கரி படிந்திருந்தது. தகரம் காற்றில் பறந்துவிடாமலிருக்கக் கூரைமேல் கற்கள் ஏற்றியிருந்தோம். விடியற்காலையில் தப்பு முழங்கும். ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் மலைகளைத் தாண்டி வரும் வறண்ட காற்றில் கொழுந்து மெல்ல வளரும். ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனை அப்போதுதான் கிடைக்கும். அந்த வாசனைக்காக உலகம் கூடுதல் விலை கொடுத்த அதே மாதங்களில், அந்தக் காற்று எங்கள் தகரத்தைப் பிய்க்கப் பார்க்கும்.

லயத்தைப் போற்றி அப்படியே வைத்திருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தது. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவில் லயங்கள் ஆட்களோடு புதைந்தன. மனிதர் இனி லயத்தில் வாழக்கூடாது. தனி வீடு எழும்பும் ஒவ்வொரு இடத்திலும் எனக்கு மகிழ்ச்சிதான். குடும்பங்கள் புது வீட்டுக்குப் போனபின், வெறுமையான லயத்தை ஒரே நாளில் இடித்துத் தள்ளுவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

லிப்டனின் கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. நியூ லனார்க் என்ற பஞ்சாலைக் கிராமம் அது. ஆலை 1968இல் மூடப்பட்டது. 2001இல் அந்த ஊர் உலக மரபுரிமைச் சின்னமானது. அங்கே ஆலைக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றவில்லை. ஆலைத் தொழிலாளி எப்படி வாழ்ந்தார் என்பதைக் காட்ட ஒரு வீட்டையும் பழையபடி வைத்திருக்கிறார்கள். மற்ற வீடுகளைத் திருத்தி, அவற்றில் மக்கள் வசிக்கிறார்கள். இலங்கையிலும் வழி காட்டப்பட்டிருக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகியிருக்கின்றன. பாத்திரமும் பத்திரமும் கருவியும் அவை புழங்கிய அளவிலான அறைக்குள்ளேயே இருக்கும்போது, அந்த வாழ்க்கையின் நெருக்கடியை யாரும் விளக்கிச்சொல்லத் தேவையில்லை.

ஊவாவுக்கு அப்படி ஒன்று வேண்டும். தம்பேதன்னையில் ஸ்டோரைப் பார்த்துவிட்டு லிப்டன் சீட்டுக்கு ஏறும் பாதையோரம் ஒரு லயம் போதும். ஒரு காம்பராவில் கொழுந்துக்கூடையும் கவ்வாத்துக் கத்தியும், இன்னொன்றில் தப்பும் காமன்கூத்து உடுப்புகளும், மூன்றாவதில் வேலை வரவைப் பதிந்த செக்ரோலும் பழைய சம்பளச் சீட்டுகளும் துண்டின் பிரதிகளும் இருக்கட்டும். வழிகாட்டிகளாக அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளே நிற்கட்டும், அவர்களுக்கு அது சம்பளமுள்ள வேலையாகட்டும்.

அது வரும்வரை ஆசிரியர்களாகிய நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. இடிக்கப்போகும் லயத்தை மாணவர்களைக் கொண்டு அளந்து வரைபடம் எடுப்போம். எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதுவோம். 2023இல் மலையகத் தமிழர் இங்கு வந்ததன் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, முன்னோர் வந்த வழியை நாடே பார்க்கும்படி செய்தோம். அவர்கள் வந்து சேர்ந்த இடத்தையும் காட்டவேண்டிய கடமை நமக்கு மிச்சமிருக்கிறது.