வேனிற்பள்ளியும் கூதிர்ப்பள்ளியும்

நாம் நாள்தோறும் புழங்கும் வீட்டுப் பொருள்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கதிரை, மேசை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொற்கள். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவ்வாட்சிகள் மறைந்த பின்னரும் இச்சொற்கள் நம் வீடுகளில் நிலைத்துவிட்டன. இதனைக் கொண்டு, மேனாட்டார் வருமுன் தமிழர் வீட்டிலே தளபாடம் எனத்தக்கது ஏதும் இருக்கவில்லை என எண்ணுவோர் உளர். பாயை வறுமையின் அடையாளமாகக் காணும் மனப்பான்மையும் இவ்வெண்ணத்தோடு ஒட்டியதே. ஆனால், நமது பழைய இலக்கியம் வேறொரு செய்தியைச் சொல்கிறது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை பத்துப்பாட்டில் ஒன்று. 188 அடிகள் கொண்டது. உ. வே. சாமிநாதையர் 1889 இல் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். தலைவனைப் பிரிந்த அரசியின் துயரும், பாசறையில் இருக்கும் அரசனின் நிலையுமே பாட்டின் பொருள். எனினும், வரலாற்றுக் கண்கொண்டு படிப்போர்க்கு அது இன்னொன்றையும் காட்டுகிறது. கூதிர்காலம் வந்ததும் ஒரு நகரத்து மாளிகை தன் தட்டுமுட்டுப் பொருள்களை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதே அது.

கைதேர்ந்த கம்மியன் செய்த வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையிலே தொங்குகிறது. அதிலே சிலந்தி நூல் பின்னிவிட்டது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் வேலையின்றிக் கிடக்கிறது. மேல்மாடத்திலே தென்றலுக்கென அமைந்த வேனிற்பள்ளியின் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாயுடைய கன்னலிலே குளிர்ந்த நீரைப் பருகுவார் இல்லை. அகன்ற வாயுடைய தடவிலே நெருப்புக் கனல்கிறது. தண்மையினால் யாழ் நரம்பின் குரல் திரிந்துவிட, ஆடல் மகளிர் அதனைத் தம் மார்பின் வெம்மையிலே தடவிப் பண்ணுக்கு அமைத்துக்கொள்கின்றனர்.

இந்த யாழ்க் காட்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. நரம்பும் மரமும் புல்லும் ஓலையும் உயிருள்ளவற்றிலிருந்து வந்தவை. காற்றின் ஈரத்தை அவை உள்வாங்கும். வெயிலில் அதனை வெளிவிடும். ஆகவே பருவம் மாறும்போது பொருளும் மாறுகிறது. அந்த மாற்றத்தை அறிந்து நடப்பது பொருளை ஆள்பவரின் கடமையாகிறது. செய்தவனின் திறமை பாதியென்றால், வைத்திருப்பவரின் அறிவு மறுபாதி.

சிலப்பதிகாரத்திலும் இதற்குச் சான்றுண்டு. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே, கணவரைப் பிரிந்த மகளிர் வேனிற்பள்ளியை விட்டு நீங்கி, கூதிர்ப்பள்ளியின் சிறிய சாளரத்தையும் அடைத்துக்கொள்கின்றனர். வேனிலுக்கு ஒரு பள்ளி, கூதிருக்கு ஒரு பள்ளி என்ற வழக்கம் கவிஞர் எடுத்து விளக்க வேண்டாத அளவுக்குப் பழகியதாய் இருந்திருக்கிறது.

இவை அரண்மனையும் மாளிகையும் பற்றிய செய்திகள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரே அறையுள்ள குடிலிலே இரண்டு பள்ளிகள் எங்ஙனம் அமையும்? அங்கே அறையை மாற்ற முடியாதவர் படுக்கையை மாற்றினர். தமிழகத்தின் கயிற்றுக் கட்டில் வேனில் இரவிலே முற்றத்துக்கு வரும். பின்னலின் இடைவெளியால் காற்று முதுகைத் தொடும். மழைக்காலத்திலே அதே கட்டில் திண்ணைக்கு ஏறும். மேலே ஒரு துணிவிரிப்பு விழும். கயிறு தளர்ந்தால் கால்மாட்டிலே இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலே பனையின் சார்வோலை பாயாயிற்று. தாமிரபரணிக் கரையின் கோரைப்புல் பத்தமடையிலே பாயாயிற்று. பகலில் சுருட்டி வைத்தால் அதே இடம் உண்ணும் அறை. இரவில் விரித்தால் பள்ளியறை. கோரையின் உட்சோற்றிலே காற்று நிறைந்திருப்பதனால் வெப்ப நாளில் உடலுக்கு இதமளிக்கும். நனைந்தால் வெயிலில் காயவைத்து எடுக்கலாம். இத்தனை பயனையும் தரும் ஒரு பொருளை வறுமைப் பொருள் என்று ஒதுக்குவது எவ்வளவு பொருந்தும்?

இனி, கதிரையின் கதைக்கு வருவோம். குளிர்நாட்டிலே பிறந்த ஆசனம் கம்பளியும் மெத்தையும் தைத்தது. வெப்பமும் ஈரமும் மிக்க கீழைத்தேயங்களிலே அது வியர்வையைத் தேக்கும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இடங்கொடுக்கும். ஆதலால் ஒல்லாந்தர் காலத்திலே இலங்கையிற் செய்யப்பட்ட கதிரைகள் பலவற்றில் மெத்தை இருந்த இடத்தைப் பிரம்புப் பின்னல் பிடித்துக்கொண்டது. வட்ட இருக்கையும் ஆறு கால்களும் கொண்ட 'பர்கோமாஸ்டர்' கதிரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருங்காலியும் முதிரையும் போன்ற உள்நாட்டு மரங்களை நம் தச்சர் கைகள் இழைத்தன. 17 ஆம் நூற்றாண்டிலே கீழைத்தேய வணிகத்தின் வழியே பிரம்புப் பின்னல் ஐரோப்பிய வீடுகளுக்கும் சென்றது. பெயர் மேற்கிலிருந்து வந்தது. காற்றோட்டம் கிழக்கிலிருந்து சென்றது. நம் பாட்டன்மார் நண்பகலிலே சாய்ந்திருந்த சாய்மனைக் கதிரையும் இந்தக் கலப்பின் வழித்தோன்றலே.

இன்று பிளாஸ்டிக் கதிரையும் ரப்பர் மெத்தையும் எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டன. அவை மலிவானவை, மழையில் நனைந்தாலும் கெடாதவை. அவற்றைக் குறை கூறுவதிற் பயனில்லை. ஆனால் அவை பருவத்தை அறியா. வைகாசியிலும் மார்கழியிலும் ஒரே விதமாக இருக்கும் மெத்தைக்கு மேலே நாம் மின்விசிறியைச் சுழலவிடுகிறோம். மெத்தை செய்யாததை மின்சாரத்தைக் கொண்டு செய்விக்கிறோம்.

அறுந்த பிரம்பை மீளப் பின்னித் தரும் கைகளும், சார்வோலையை வார்ந்து பாய் இழைக்கும் கைகளும் நம்மிடையே இன்னும் உண்டு. அக்கைகள் ஓய்ந்துவிட்டால், நெடுநல்வாடையின் தாழிட்ட சாளரமும் சிலந்தி பின்னிய விசிறியும் நம் பிள்ளைகளுக்கு உரையாசிரியரின் துணையின்றி விளங்கா. வீட்டின் மூலையிலே சுருட்டி வைத்திருக்கும் பாயை எறிந்துவிடுமுன், அது எத்தனை தலைமுறையின் அறிவு என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.