பாசறையில் வளர்ந்த பந்து

உதகையிலிருந்து வரும் சாலையும், குன்னூரிலிருந்து எடப்பள்ளி வழியே ஏறி வரும் சாலையும் கோத்தகிரியை நோக்கி ஒன்றுசேரும் கட்டபெட்டு முச்சந்தியில், தேயிலைச் சரிவுகளின்மேல் மூடுபனி இறங்கும் ஒரு மாலை வேளையில், ஆர்ஸனல் என்னும் ஆங்கிலக் கால்பந்துக் கழகத்தின் சிவப்புச் சட்டையணிந்த இளைஞர் சிலர், அக்கழகத்தின் ஜயாபஜயங்களைத் தம் வீட்டு விவகாரம்போல் தர்க்கித்துக்கொண்டிருக்கக் கண்டேன். 1886-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரையடுத்த வூல்விச்சில், அரசாங்க ஆயுதசாலைத் தொழிலாளர்கள் வேலை ஓய்ந்த நேரத்தில் ஆடுவதற்கென்று கூட்டிய குழுவே அது. ஆர்ஸனல் என்ற சொல்லுக்கே ஆயுதசாலை என்றுதான் அர்த்தம். பீரங்கியும் பந்தும் பந்துக்களான விந்தை அங்கே மட்டும் நிகழ்ந்ததன்று. இதே சாலையில் குன்னூர்ப் பக்கம் இறங்கினால், வெலிங்டனிலும் அது நிகழ்ந்திருக்கிறது.

ஜக்கதளா என்று முன்னர் வழங்கிய அவ்விடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் பாசறை கட்டி, வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினர். சிப்பாய்கள் தங்கிய இடமெல்லாம் பந்தும் தங்கிற்று. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட் கோப்பைப் பந்தயம் நெடுங்காலம் வெள்ளைப் பட்டாளங்களின் குடும்பச் சொத்தாகவே இருந்து, 1940-இல்தான் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் மூலம் முதன்முறையாக ஓர் இந்தியக் குழுவின் கையை அடைந்தது. வெலிங்டனில் நிலைபெற்ற மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் குழு, 1955-இல் விமானப்படையையும், 1958-இல் கூர்க்கா பிரிகேடையும் டில்லியில் நடந்த இறுதி ஆட்டங்களில் வென்று, அதே கோப்பையை இருமுறை கைப்பற்றியது. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் அன்றாடம் மேடேறி ஓடிப் பழகிய நெஞ்சுக்கு டில்லி மைதானம் சமதரையாகத் தோன்றியிருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. வேளாவேளைக்குச் சோறும், தவறாத தேகப்பயிற்சியும், மாதச் சம்பளமும் அளித்த திடமே பிரதான காரணம் என்று வாதிப்பாருடனும் எனக்குப் பிணக்கில்லை.

அக்குழுவின் சிகரம் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் 1935-இல் பிறந்து, பதினெட்டு வயதளவில் பட்டாளத்தில் சேர்ந்த அவர், முதலில் கோலடிக்கும் முன்னணி ஆட்டக்காரராகவே ஆடினார் என்பதும், பின்னரே கோல்காப்பாளராக மாறினார் என்பதும் கேட்க வேடிக்கையாயிருக்கும். அடிப்பவன் மனத்தை அறிந்தவனே தடுப்பதில் சமர்த்தனாகிறான் போலும்! 1956-இல் மெல்போர்னிலும் 1960-இல் ரோமிலும் ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற அவர், 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்து நிற்க, தென் கொரியாவை 2-1 என்று வென்று நம்மவர் தங்கம் பெற்றனர். 1967-இல் அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது. ஆனால் அதற்குள் அவர் மலையை விட்டு நெடுந்தூரம் போய்விட்டார். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தமதாக்கிக்கொண்டன.

வூல்விச்சின் குழு 1913-இல் ஹைபரிக்குப் பெயர்ந்தபோது, ஆயுதசாலையை உதறிவிட்டு அந்த வட்டாரத்து ஜனங்களின் குழுவாயிற்று. வெலிங்டன் குழுவோ கடைசிவரை பட்டாளத்தின் குழுவாகவே இருந்தது. அதன் வீரர்கள் தென்னாட்டின் பல திசைகளிலிருந்து வந்து, மாற்றல் உத்தரவோடு பல திசைகளுக்கும் கலைந்தார்கள். ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதிமுறை வகுத்த பெருமையை உதகையின் துரைமார் கிளப்புக்கு அளித்து ஓயாமல் பேசும் இம்மலை, தன் மண்ணில் பயின்று டில்லியில் வென்றவர்களைப் பற்றி வாய் திறவாதது எனக்குச் சற்றே மனத்தாங்கல்தான்.

அந்த மனத்தாங்கலோடு, சிவப்புச் சட்டை இளைஞர்களில் ஒருவரிடம், தங்கராஜைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மரியாதையாகச் சிறிது யோசித்துவிட்டு, "எந்த எஸ்டேட்டுங்க ஐயா?" என்றார். அதற்குள் குன்னூர் பஸ் வந்துவிட்டது.