சம்பளம் ஒன்று, கடன் ஏழு: எதை முதலில் கட்டுவது?

வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர்தான். அம்மா, அல்லது அப்பா. தபால்பெட்டியில் வரும் கடிதங்கள் பிரிக்கப்படாமல் மேசை இழுப்பறைக்குள் போகின்றன. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் யாரும் எடுப்பதில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு மட்டும் அடிக்கடி கேட்கிறது.

அந்த வீட்டுப் பிள்ளையாக நீங்கள் இருக்கலாம். இளம் வயதிலேயே பிள்ளையைத் தனியாக வளர்ப்பவராகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்தக் கடனுக்குக் கொடுப்பது?

பெரும்பாலோர் யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் பெரிதாவது அங்கேதான்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,900 வெள்ளி. இரண்டு பிள்ளைகள். வீவக வாடகை பாக்கி 600 வெள்ளி, தண்ணீர், மின்சாரக் கட்டணம் 480, நகர மன்றத்துக்கு 350, பாதியில் நின்றுபோன கைப்பேசி ஒப்பந்தம் 700, அடகில் இருக்கும் சங்கிலி 800, அத்தையிடம் வாங்கியது 1,000, உரிமம் பெற்ற கடன் வழங்குநரிடம் 3,000. மொத்தம் 6,930 வெள்ளி.

வங்கி உலகில் இது சின்னத் தொகை. ஆனால் இந்த வீட்டுக்கு அது மூன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இந்த ஏழும் ஒரே மாதிரிக் கடன் இல்லை. சில, வட்டியால் வளர்பவை. சில, வளராவிட்டாலும் வீட்டையோ விளக்கையோ பறிக்கக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தட்டவேண்டிய கதவு வேறு.

சத்தம் போடாத கடன்களை முதலில் பேசி முடியுங்கள்

வீவக, எஸ்பி குழுமம், நகர மன்றம் ஆகிய மூன்றும் கடிதம்தான் அனுப்பும். கதவைத் தட்டிக் கத்தாது. அதனால் அந்தக் கடிதங்கள்தான் இழுப்பறைக்குள் முதலில் போகும். ஆனால் வீடும் விளக்கும் இவற்றின் கையில்தான் இருக்கின்றன.

நல்ல செய்தி: தவணைக்கு ஒப்புக்கொள்ள இவற்றை இணங்கவைப்பதே மற்ற எல்லாவற்றையும்விட எளிது. வாடகை பாக்கி வைத்தவர்களை வீவக உடனே வெளியேற்றுவதில்லை. அது கடைசி நடவடிக்கை. மின்சாரக் கட்டணம் கட்டத் தடுமாறும் வீடுகளுக்கு முன்கூட்டியே பணம் நிரப்பிப் பயன்படுத்தும் மீட்டர் உண்டு. நிரப்பும் தொகையில் ஒரு பகுதி பழைய பாக்கிக்குப் போகும்.

போன் செய்யும்போது "கட்ட முடியவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மாதம் 50 வெள்ளி, சம்பள நாளுக்கு மறுநாள்" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணும் தேதியும் இருந்தால் எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது. தாங்கக்கூடிய தொகையை மட்டும் சொல்லுங்கள். 100 சொல்லி இரண்டாம் மாதமே தவறுவதைவிட 50 சொல்லித் தொடர்ந்து கட்டுவது மேல்.

அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் பாக்கி இருந்தால், அங்குள்ள மருத்துவச் சமூகச் சேவையாளரைக் கேளுங்கள். தவணை, மெடிஃபண்ட் இரண்டையும் பற்றி அவர் சொல்வார்.

அதிகம் விழுங்குவது எது?

சட்டப்படி, உரிமம் பெற்ற கடன் வழங்குநர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். நிர்வாகக் கட்டணமாகக் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். தவணை தவறினால் மாதத்துக்கு 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம்; தவறிய தொகைக்குத் தாமத வட்டியும் மாதம் 4 விழுக்காடு வரை வரும்.

கேட்க 4 சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் புரியும். 3,000 வெள்ளி கடனில் 300 வெள்ளி நிர்வாகக் கட்டணம் பிடிக்கப்பட்டால் கைக்கு வருவது 2,700. அதை ஆறு மாதத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 572 வெள்ளி. ஆறு மாத முடிவில் கட்டியிருப்பது ஏறத்தாழ 3,434 வெள்ளி. அதாவது 2,700 வெள்ளியை அரை ஆண்டு வைத்துக்கொள்ள 734 வெள்ளி.

நம் உதாரண வீட்டில் 572 போனால் மிச்சம் 1,328. மூன்று பேர் சாப்பிடவேண்டும், பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரவேண்டும், வாடகையும் கட்டவேண்டும். இப்படித்தான் மூன்றாவது மாதம் வாடகை நிற்கிறது. அல்லது முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன் வருகிறது.

சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வட்டி, நிர்வாகக் கட்டணம், தாமதக் கட்டணம், தாமத வட்டி எல்லாம் சேர்ந்து கடன் தொகையைத் தாண்டக்கூடாது. 2015 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. 3,000 வாங்கினால், எவ்வளவு தாமதமானாலும் மொத்தமாகக் கொடுக்கவேண்டியது 6,000க்கு மேல் போகாது. "ஏற்கெனவே எவ்வளவு கட்டியிருக்கிறோம்?" என்று ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைவு என்றால், எல்லாக் கடன் வழங்குநர்களிடமும் சேர்த்து 3,000 வெள்ளிதான். 20,000ஐ எட்டினால் ஆறு மாதச் சம்பளம் வரை வாங்கலாம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வரம்பில்தான் கவனம் தேவை. சட்டம் அனுமதிப்பதும் வீடு தாங்குவதும் ஒன்றல்ல.

கட்ட முடியாது என்று தெரிந்தவுடன் தனியாகப் பேசப் போகாமல், குடும்பச் சேவை நிலையத்தின் சமூகச் சேவையாளருடன் பேசுங்கள். ஒன் ஹோப் சென்டர், அடுல்லம் லைஃப் கவுன்சலிங் போன்ற அமைப்புகள் கடன் வழங்குநர்களுடன் பேசித் தவணையை மாற்றி அமைக்க உதவுகின்றன.

சங்கிலியும் அத்தையும்

நம் வீடுகளில் அடகுக் கடைக்குப் போவதை வெட்கமாக நினைப்பவர்கள், கடன் வழங்குநரிடம் போவதை யாருக்கும் தெரியாத விஷயமாக நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அடகுக் கடை வட்டிக்கு உச்சவரம்பு மாதம் 1.5 விழுக்காடு. மீட்க ஆறு மாதமாவது அவகாசம் உண்டு. மீட்க முடியாவிட்டால் நகை போய்விடும், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் யாரும் துரத்த மாட்டார்கள்.

எனவே 4 விழுக்காட்டுக் கடன் முடியும்வரை சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீட்டிக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அத்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்: "இந்த வருஷம் முடியாது அத்தை, அடுத்த வருஷத்திலிருந்து மாசம் 100." பதில் சொல்லாமல் இருப்பதுதான் உறவைக் கெடுக்கிறது.

வங்கிக் கடனுக்கான திட்டங்கள் நமக்குப் பொருந்துமா?

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுபவை இவைதான். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம், வங்கிகளிடமும் கடன்பற்று அட்டை நிறுவனங்களிடமும் உள்ள கடனைக் குறைந்த வட்டியில் நீண்டகாலத் தவணையாக மாற்ற உதவுகிறது. நொடிப்பு நிலையைத் தவிர்க்க, கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் என்ற சட்டபூர்வ வழியும் உள்ளது. அடமானமில்லாக் கடன் 150,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு அதிகபட்சம் ஐந்தாண்டுத் தவணை.

நல்ல திட்டங்கள். ஆனால் நிலையான சம்பளமும் வங்கிக் கடனும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே இவை வகுக்கப்பட்டவை. வாடகை பாக்கி, மின்சாரக் கட்டணம், கடன் வழங்குநர் என்று சிதறிக் கிடக்கும் 6,930 வெள்ளிக்கு இவை பொருந்தாது. அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் "நமக்கு உதவியே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. கதவுதான் வேறு.

அந்தக் கதவு சமூகச் சேவை அலுவலகம். காம்கேர் எண் 1800-222-0000. இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: கடன் வழங்குநரிடம் உள்ள கடனைக் காம்கேர் அடைக்காது. அன்றாடச் செலவு, வீட்டுக் கட்டணங்கள் போன்றவற்றுக்கு அது கைகொடுக்கும்போது, சம்பளத்தில் கொஞ்சம் மிச்சமாகும். அந்த மிச்சம்தான் கடனுக்குப் போகவேண்டும். மெத்தடிஸ்ட் சமூகநலச் சேவைகள் அமைப்பு போன்றவை, குடும்பம் கடனைக் கட்டக் கட்டத் தாங்களும் ஈடாக ஒரு தொகை போடும் திட்டங்களை நடத்தியுள்ளன. சமூகச் சேவையாளரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு தொடர்பான உதவிக்குச் சிண்டாவை மறக்கவேண்டாம்.

வரவேண்டிய பணம் வருகிறதா?

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் பலர் கடன் பட்டியல் எழுதும்போது, தங்களுக்கு வரவேண்டியதை எழுதுவதில்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட பராமரிப்புத் தொகை ஆறு மாதமாக வரவில்லை என்றால் அதுவும் கணக்கில் வரவேண்டும். "அவன்கிட்ட கேட்கறதுக்குப் பட்டினியே கிடக்கலாம்" என்ற கோபம் புரிகிறது. ஆனால் அது பிள்ளைக்கு உரிய பணம்.

குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரலாம். சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கவும் உத்தரவிடலாம். வேண்டுமென்றே கட்டாதவருக்குச் சிறையும் விதிக்கலாம். 2025இலிருந்து, இரு தரப்பின் நிதி நிலையை அதிகாரிகளே விசாரித்து அறியும் புதிய நடைமுறை வந்திருக்கிறது. திருமணம் ஆகாத பெற்றோரின் பிள்ளைக்கும் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

மிரட்டினால்?

"வீட்டை எடுத்துடுவோம்" என்று சொல்லிப் பயமுறுத்துவது உண்டு. உங்கள் சொந்த வீவக வீட்டையோ மசேநிதிச் சேமிப்பையோ சாதாரணக் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கடனையே கட்டாமல் விடுவது மட்டும் வேறு விஷயம்.

வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ "உடனடிக் கடன்" என்று வந்தால் அது சட்டவிரோதம். உரிமம் பெற்றவர்கள் அப்படி விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. உங்கள் அடையாள அட்டையையோ சிங்பாஸ் மறைச்சொல்லையோ வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. உரிமம் இருக்கிறதா என்பதைச் சட்ட அமைச்சின் இணையத்தளப் பட்டியலில் பார்க்கலாம். கடன்முதலைகள் பற்றித் தகவல் சொல்ல 1800-924-5664. ஆபத்து என்றால் 999.

நீங்கள் மகனோ மகளோ என்றால்

அம்மாவின் கடன் உங்கள் கடன் ஆகாது. நீங்கள் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே பொறுப்பு வரும். அதனால் கையெழுத்துப் போடாதீர்கள். அன்பு இல்லாததால் இல்லை. வீட்டில் ஒருவராவது கடனில்லாமல் இருக்கவேண்டும் என்பதால். பாலிடெக்னிக் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கும் நீங்கள், உங்கள் பெயரில் புதுக்கடன் வாங்கி அம்மாவின் கடனை அடைப்பதும் வேண்டாம். கடன் குறையாது, ஆள்தான் மாறும்.

இன்னொன்று. "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, கடனைத் தள்ளிவிடுகிறோம்" என்று கடன்முதலை சொன்னால் ஒருபோதும் இணங்காதீர்கள். அவர்களுக்கு உதவுவது குற்றம். முதல் முறையே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்காண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை கிடைக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. கடிதங்களைப் பிரித்து, ஆங்கிலத்தில் இருப்பதை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். போன் பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள். சமூகச் சேவை அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். சம்பளச் சீட்டு, பாக்கிக் கடிதங்கள், கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கொண்டுபோனால், அதே கதையை நான்கு இடத்தில் முதலிலிருந்து சொல்லவேண்டிய சங்கடம் குறையும்.

கடைசித் தவணை கட்டியதும் கணக்கு முடிந்ததை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடன் வழங்குநர்களுக்கான கடன்பதிவு நிலையத்தில் உங்கள் பெயரில் எதுவும் பாக்கி இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மறுபடியும் போய்விடுவோமோ என்ற பயம் இருந்தால், எந்த உரிமம் பெற்ற கடன் வழங்குநரும் தனக்குக் கடன் கொடுக்காதபடி தன்னைத் தானே விலக்கிக்கொள்ள அங்கேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அது நடப்பில் இருக்கும்.