கால்மாட்டுப் பூனைகள்

வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு சித்திரத்தொடர் வரைவது எளிய வேலை என்றே முதலில் தோன்றும். பூனை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இல்லையென்றால் அடுத்த வீட்டிலிருந்து நம் அடுக்களைக்கு வந்து போகிறது. உண்கிறது, உறங்குகிறது, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடந்து செல்கிறது. நாளொன்றுக்கு மூன்று நான்கு கட்டங்களுக்குள் இதை வரைந்து காட்டப் பெரிய கற்பனை எதற்கு?

ஆனால் அமெரிக்கச் செய்தித்தாள்களில் இருபதாம் நூற்றாண்டின் இரு முனைகளில் தோன்றிய இரண்டு பூனைத் தொடர்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஒன்று ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’. மற்றொன்று ஜிம் டேவிஸின் ‘கார்ஃபீல்டு’. முதலாவதைப் பெருவாரியான வாசகர்கள் புரிந்துகொள்ளவில்லை. கவிஞர்களும் விமர்சகர்களும் கொண்டாடினர். இரண்டாவதை உலகமே வாசித்தது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினர். இவ்வளவு வேறுபட்ட இவ்விரு தொடர்களும் ஒரே விதமாகப் பிறந்தவை என்பதுதான் வியப்பு. இரண்டிலும் பூனையைப் பற்றி வரைய வேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. மனிதர்களைப் பற்றி வரைந்துகொண்டிருந்தபோது அவர்களின் கால்மாட்டில் கிடந்த பூனை எழுந்து வந்து கதையைப் பறித்துக்கொண்டது.

*

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூ யார்க்கின் ‘ஈவினிங் ஜர்னல்’ நாளிதழில் ஹெரிமன் ‘டிங்பாட் குடும்பம்’ என்ற தொடரைத் தொடங்கினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களால் ஓயாத தொல்லை. அந்த மேல்வீட்டார் வாசகர் கண்ணுக்கு ஒருபோதும் தென்படுவதில்லை. ஆகஸ்டில் தொடரின் பெயரே ‘மேல்வீட்டுக் குடும்பம்’ என்று மாறியது.

மனிதர்கள் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஹெரிமன் கட்டத்தின் அடிப்பகுதியில் மிஞ்சிய வெற்றிடத்தை நிரப்ப அவ்வீட்டுப் பூனையையும் ஓர் எலியையும் வரைந்தார். அந்த ஜூலை 26ஆம் தேதி, எலி பூனையின் தலையைக் குறிபார்த்து ஒரு பொருளை எறிந்தது. மேலே நடக்கும் கதைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருப்பினும் அந்த ஏறி நிற்கவில்லை. நாளடைவில் பூனைக்கும் எலிக்கும் அடியில் தனிக் கட்டங்கள் ஒதுக்கப்பட்டன. 1913 அக்டோபர் 28 முதல் அவை தனித்தொடராயின. 1916 ஏப்ரலில் ஞாயிறு இதழின் முழுப்பக்கமும் அவற்றுக்குக் கிடைத்தது. வெற்றிடத்தை அடைக்க வந்த பூனை ஆறே ஆண்டுகளில் பக்கம் முழுவதற்கும் உரிமையாகிவிட்டது.

தொடரின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கிரேஸி என்ற பூனைக்கு இக்னட்ஸ் என்ற எலியின்மேல் காதல். எலிக்கோ பூனையைக் கண்டால் வெறுப்பு; செங்கல்லை எடுத்து எறிகிறது. தலையில் விழும் ஒவ்வொரு செங்கல்லையும் பூனை காதல் மடலாகவே ஏற்றுக்கொள்கிறது. காவலரான நாய்க்குப் பூனையின்மேல் சொல்லாத அன்பு. அது எலியைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறது. மறுநாள் மீண்டும் செங்கல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹெரிமன் இந்த ஒரே நிகழ்ச்சியை வரைந்தார்.

அகத்திணை நடத்தும் ஆசிரியனுக்கு இங்கே கைக்கிளையும் பெருந்திணையும் நினைவுக்கு வராமல் போகாது. ஒருதலைக் காமம், பொருந்தாக் காமம் என்று நம் இலக்கணிகள் ஐந்திணைக்கு வெளியே ஒதுக்கிவைத்த இரண்டையும் வைத்தே ஹெரிமன் ஓர் உலகை எழுப்பினார். அந்த உலகின் நிலம் இன்னும் விந்தையானது. அரிசோனா மாநிலத்தின் கொகொனினோ மாவட்டப் பெயரைத் தொடருக்கு எடுத்துக்கொண்ட ஹெரிமன், மானுமென்ட் வேலியின் செம்பாறைக் குன்றுகளையும் நவஹோ மக்களின் நெசவுக் கோலங்களையும் பின்னணியாக்கினார். பூனையும் எலியும் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் குன்று மரமாகும், மரம் வீடாகும், பகல் இரவாகும். நம் மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில்தான் உணர்வு வேர்கொள்கிறது. ஹெரிமனிடம் நிலமும் பொழுதும் நிலைகொள்ளாமல் அலைகின்றன. அந்தப் பூனையின் அன்பு ஒன்றே அசையாமல் நிற்கிறது.

கிரேஸி ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் ஹெரிமன் விடை தரவில்லை. ஒரு நாள் ‘அவன்’, மறுநாள் ‘அவள்’. கேட்டவர்களிடம், அது தேவதைக் கதைகளில் வரும் குறும்புச் சிற்றுயிர் போன்றது, அதற்குப் பால் வேறுபாடு இல்லை என்ற பொருளில் விளக்கினார். தமிழில் எழுதும் எனக்கு இந்தச் சிக்கல் இல்லை. அஃறிணை ஒருமை காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது நாள்தோறும் வாசகரைத் தடுக்கி விழவைத்த கல்.

*

‘யார் இது’ என்ற கேள்விக்கு விடை மறுக்கும் இந்தப் பூனையின் பின்னால் வேறொரு மறைவும் இருந்தது. ஹெரிமன் 1944 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழ் அவரை வெள்ளையர் என்று குறிக்கிறது. 1971இல் ஆர்தர் ஆசா பெர்கர் என்ற சமூகவியல் அறிஞர் ஒரு வாழ்க்கைக் குறிப்புக்காக அவருடைய பிறப்புச் சான்றிதழை வரவழைத்துப் பார்த்தார். 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அக்குழந்தை கறுப்பினத்தைச் சேர்ந்தது என்று அதில் பதிவாகியிருந்தது.

கலப்பினக் கிரியோல் குடும்பம். ஹெரிமன் சிறுவனாக இருந்தபோது, தென்மாநிலங்களில் நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் இறுகிவந்த காலத்தில், அக்குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. அங்கே வெள்ளையராகவே வாழ்ந்தது. உடன் பணியாற்றிய ஓவியர்கள் ஹெரிமனைக் ‘கிரேக்கன்’ என்று அழைத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் பெரும்பாலும் தொப்பியுடனேயே இருந்தார். உண்மை தெரிந்திருந்தால் அந்நாளில் ஒரு பெரிய நாளிதழின் ஓவிய அறையில் அவருக்கு நாற்காலி கிடைத்திருக்குமா என்பது ஐயமே. மைக்கேல் டிஸராண்ட் 2016இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு இச்செய்திகளை ஆவணங்களோடு நிறுவுகிறது.

இதை அறிந்தபின் பழைய கட்டங்கள் வேறாகத் தெரியத் தொடங்குகின்றன. ஒரு பக்கத்தில் கறுப்புப் பூனை அழகு நிலையத்துக்குச் சென்று வெளுத்துத் திரும்புகிறது. அடையாளம் தெரியாத எலி அதன்மேல் மையல் கொள்கிறது; உண்மை தெரிந்ததும் செங்கல்லைத் தேடுகிறது. அன்றைய வாசகர்களுக்கு அது ஒரு வேடிக்கை. வரைந்தவருக்கு என்னவாக இருந்திருக்கும்? ஓர் எழுத்தாளனின் எல்லா வரிகளையும் அவன் பிறப்பைக் கொண்டு பொருள்கொள்வது பிழை. ஆயினும் தன் வாழ்நாள் முழுவதும் சொல்ல இயலாத ஒன்றைக் கோடிக்கணக்கானோர் புரட்டும் தாளில் பூனையின் வாயிலாகச் சொல்லிவைத்த மனிதர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதை இனி நாம் மறந்து வாசிக்கவும் இயலாது.

கில்பர்ட் செல்டிஸ் 1924இல் வெளியான தம் நூலில் கிரேஸி கேட்டுக்குத் தனி இயல் ஒதுக்கி, அன்றைய அமெரிக்காவின் தலைசிறந்த கலைப்படைப்புகளில் ஒன்றாக அதைக் கொண்டாடினார். 1922இல் ஜான் ஆல்டன் கார்பென்டர் அதற்கு ஒரு நாட்டிய இசைக்கோவை அமைத்தார். ஹெரிமன் மறைந்தபின், 1946இல் வந்த முதல் தொகுப்புக்குக் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸ் முன்னுரை எழுதினார். வாசகர்களோ விலகியே நின்றனர். கடைசி ஆண்டுகளில் நாற்பதுக்கும் குறைவான இதழ்களே அதை வெளியிட்டன. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்கு அது பிடித்திருந்தது. தம் இதழ்களின் ஆசிரியர்கள் முணுமுணுத்தபோதும் அவர் அதை நிறுத்த விடவில்லை. ஹெரிமனுக்குப்பின் வேறு கையிடம் அதை ஒப்படைக்கவும் இல்லை. 1944 ஜூன் 25ஆம் நாளோடு தொடர் முடிந்தது. ஹெரிமனின் சாம்பல் அவர் விரும்பியபடி மானுமென்ட் வேலியில் தூவப்பட்டது.

*

அடுத்த ஆண்டு, 1945இல், இண்டியானா மாநிலத்தில் ஜிம் டேவிஸ் பிறந்தார். பண்ணை வீடு, சுற்றி இருபத்தைந்து பூனைகள். ஆஸ்துமாவால் அடிக்கடி படுக்கையில் கிடந்த சிறுவனுக்குத் தாய் காகிதமும் பென்சிலும் கொடுத்தார். வளர்ந்தபின் ‘டம்பிள்வீட்ஸ்’ தொடரை வரைந்த டாம் ரயனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தமக்கென்று அவர் முதலில் உருவாக்கியது பூனையை அல்ல, ஒரு கொசுகை. ‘நார்ம் நாட்’ என்ற அத்தொடர் பென்டில்டன் என்ற சிற்றூரின் வார இதழில் 1973 முதல் சில ஆண்டுகள் வந்தது. அதைத் தாங்கி விற்க எந்த விநியோக நிறுவனமும் முன்வரவில்லை. நகைச்சுவை நன்று, ஆனால் பூச்சியோடு யார் ஒன்றுவார்கள் என்று கேட்டார் ஒரு பதிப்பாளர்.

அமெரிக்காவில் ஒரு சித்திரத்தொடரை ஓர் இதழ் மட்டும் வெளியிடுவதில்லை. ‘சிண்டிகேட்’ எனப்படும் விநியோக நிறுவனம் அதை வாங்கி நூற்றுக்கணக்கான இதழ்களுக்கு விற்கும். நம் தினத்தந்தியில் தலைமுறைகளாக ஓடும் கன்னித்தீவைப் போல ஓர் இதழோடு ஒட்டி வளரும் வழி அங்கே அரிது. ஆகவே டேவிஸ் இதழ்களை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தார். ஸ்னூபி முதலிய நாய்கள் நிறைய இருந்தன, பூனைகள் குறைவு. பூனை வளர்ப்போரோ ஏராளம்.

1976இல் அதே சிற்றூர் இதழில் ‘ஜான்’ என்ற தொடர் தொடங்கியது. நாயகன் ஜான் ஆர்பக்கிள், தனியாக வாழும் ஓவியன். அவன் வளர்க்கும் பருத்த பூனை ஒரு துணைப்பாத்திரம். ஆனால் நல்ல வரிகள் எல்லாம் பூனைக்கே போய்ச் சேர்ந்தன. இறுதியில் தலைப்பும் பூனைக்கே போனது. தம் பாட்டனாரின் பெயரான ‘கார்ஃபீல்டு’ என்பதைப் பூனைக்குச் சூட்டினார் டேவிஸ். 1978 ஜூன் 19 அன்று 41 நாளிதழ்களில் அது வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரு சிகாகோ நாளிதழ் தொடரை நிறுத்தியபோது வாசகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புகளை அனுப்பி மீட்டனர். 2002இல் மிக அதிகமான இதழ்களில் வெளியாகும் சித்திரத்தொடர் என்று கின்னஸ் பதிவு அதை ஏற்றது. அப்போது இதழ்களின் எண்ணிக்கை 2,500ஐத் தாண்டியிருந்தது.

இந்த வெற்றி தற்செயல் அன்று. அரசியலையும் சமூகத்தையும் டேவிஸ் திட்டமிட்டே விலக்கினார். சிலேடையும் வட்டார வழக்கும் வேற்றுமொழியில் நிற்காது என்று அவற்றையும் குறைத்தார். எஞ்சியவை உணவும் உறக்கமும். தொலைக்காட்சிப் படத்துக்காகப் பூனையை இரண்டு காலில் நிற்கவைக்க அவர் திணறியபோது, ஸ்னூபியைப் படைத்த சார்லஸ் ஷுல்ஸ், பாதங்களைப் பெரிதாக்கு என்று வரைந்தே காட்டினார். 1981இல் டேவிஸ் தொடங்கிய ‘பாஸ்’ நிறுவனத்தில் வரைவதும் மையிடுவதும் பல கைகளின் கூட்டு வேலையானது. பொம்மை, குவளை, தொலைபேசி என்று பூனை எங்கும் பரவியது. 2019இல் அந்நிறுவனத்தை வயாகாம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் வேறொரு புதிரும் அவிழ்ந்தது. பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆரஞ்சு நிறக் கார்ஃபீல்டு தொலைபேசித் துண்டுகள் ஒதுங்கி வந்தன. கடல் ஒதுக்கிய சரக்குப் பெட்டகம் ஒன்றின் எச்சங்கள் அங்கே ஒரு குகையில் கிடந்தது கண்டறியப்பட்டது.

*

சிற்றிதழ் மரபில் வாசிப்பைக் கற்றுக்கொண்ட நமக்கு இங்கே தீர்ப்பெழுதுவது எளிது. ஒன்று கலை, மற்றொன்று சரக்கு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வரலாறு அவ்வளவு நேராக இல்லை.

கிரேஸி கேட்டை வாழவைத்த பணம் எங்கிருந்து வந்தது? பரபரப்புச் செய்திகளை விற்றே வளர்ந்த ஹெர்ஸ்டின் இதழ்களிலிருந்து. மஞ்சள் பத்திரிகை என்று இன்றும் நாம் பழிக்கும் தொழிலின் ஓரத்தில்தான் அந்தத் தூய கலை குடியிருந்தது. அந்த ஒரு முதலாளியின் மனம் மாறியிருந்தால் கொகொனினோ இல்லை. புரவலரை நம்பிய கலையின் நிலை நம் சங்கப் பாணர் முதல் அதுதான். டேவிஸ் யாரையும் நம்பவில்லை. வாசகரை மட்டும் நம்பினார். முதல் முயற்சி தோற்றபின் அடுத்த முறை எண்ணிச் செய்தார். நோயில் கிடந்த பண்ணைச் சிறுவன் ஒருவன் தன் கையால் பிழைக்கக் கற்றுக்கொண்டதை இகழ என்னால் முடியவில்லை.

ஆயினும் வேறுபாடு இருக்கவே செய்கிறது. இருவர் பூனைகளும் கால்மாட்டிலிருந்து எழுந்தவை. எழுந்தபின் ஹெரிமன் தன் பூனையின் பின்னால் சென்றார். அது அடுக்குமாடி வீட்டை விட்டு வெளியேறி, அவரே சொல்லத் துணியாத இடங்களுக்கெல்லாம் அவரை அழைத்துச் சென்றது. டேவிஸ் தன் பூனையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே அது கொழுத்தது, எல்லோருக்கும் பிடித்த பிராணியாயிற்று. அதன் விலையாக அவர் கொடுத்தது, அந்த இருபத்தைந்து பண்ணைப் பூனைகள் அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய பிறவற்றை.

படைப்பவர் எவருக்கும் இந்தத் தேர்வு ஒருநாள் வரும். எதற்கோ வரைந்த பக்கத்தின் அடியில், இடத்தை நிரப்ப இட்ட ஒன்று, தலையைத் தூக்கிப் பார்க்கும். அதைக் கவனிப்பது முதல் வேலை. அதன்பின் கதவைத் திறப்பதா, சாத்துவதா என்பது அவரவர் துணிவையும் வீட்டுச் செலவையும் பொறுத்தது.